கோலார் தங்கவயல் தமிழாய்வும் மின்களஞ்சிய மீத்தரவும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளின்படி, முனைவர் பட்டம் பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டின் மின்படியும் தேசியக் களஞ்சியத்தில் வைக்கப்பெறுதல் வேண்டும். காந்திநகரில் இயங்கும் இன்ஃபிலிப்நெட் மையம் இதற்கென நடத்திவரும் சோத்கங்கா களஞ்சியத்தில் இன்று ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. அவற்றுள் தமிழ் ஆய்வேடுகளின் பங்கு சிறிதன்று. எனினும், களஞ்சியத்தில் ஓர் ஆய்வேடு இருத்தல் வேறு. தேடுவோர்க்கு அது கிடைத்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது மீத்தரவு. ஆய்வேட்டைப் பற்றி அதன் முகப்பில் எழுதப்பெறும் விவரத் தொகுதியே மீத்தரவு எனப்படுகிறது.

இவ்விவரத் தொகுதி தமிழாய்வை எவ்வளவு உண்மையாக அறிமுகப்படுத்துகிறது என்பதைக் கோலார் தங்கவயல் தமிழரைப் பற்றிய ஆய்வினைச் சான்றாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தங்கவயலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இது தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, கருநாடக மாநிலத்தில், தமிழர் பெருந்தொகையினராக வாழும் ஊர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பெற்றது. அதன்பின் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று பிழைக்கும் வாழ்வே பலருக்கு வாய்த்தது. ஓர் ஊரின் தொழில் அழிந்து மக்கள் சிதறும் காலத்தில், அவ்வூரின் நினைவைக் காப்பவை ஏடுகளும் ஆய்வுகளுமே. அவையும் தேடிக் கிடைக்காமற் போயின் இழப்பு இருமடங்காகும்.

பதினைந்து கூறுகளும் பதினொரு செய்திகளும்

1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய அறிஞர் கூட்டத்தில் உருவானது டப்ளின் கோர் என்னும் நியமம். தலைப்பு, படைப்பாளர், பொருள், விவரணை, வெளியீட்டாளர், பங்களிப்பாளர், நாள், வகை, வடிவம், அடையாளம், மூலம், மொழி, தொடர்பு, பரப்பெல்லை, உரிமை எனப் பதினைந்து கூறுகளை உடையது இது. 2003இல் பன்னாட்டுத் தர அமைப்பு இதனை ஏற்றது. சோத்கங்கா இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருளும் இந்நியமத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு களஞ்சியத்தின் விவரங்களை மற்றொரு களஞ்சியம் தானே திரட்டிக்கொள்வதற்குரிய நெறிமுறையும் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதலின் ஓரிடத்தில் நேரும் விவரப் பிழை அவ்விடத்தோடு நில்லாது. திரட்டும் களஞ்சியங்கள் அனைத்திற்கும் அது பரவும்.

நூலைப் பற்றிய விவரங்களை நூலுக்கு முன்னே வைத்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டிய செய்திகளை நன்னூலார் வரையறுத்துள்ளார். நூலின் பெயர், ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் நில எல்லை, தொகுத்தும் விரித்தும் யாத்த முறை, நுதலிய பொருள், அதனைக் கேட்டற்குரியோர், அதனால் விளையும் பயன் ஆகிய எட்டுடன், காலம், அரங்கேறிய களம், இயற்றிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக அவற்றைக் கொள்வர். நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குடியினன் என்பதும், கல்வெட்டுகள் அவனைக் குவளாலபுரத்திற்கு உரியவனாகக் குறிக்கின்றன என்பதும், குவளாலபுரம் என்பது இன்றைய கோலாரே என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கன.

இதனைக் கொண்டு, மேலைநாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. பாயிரம் கற்பாருக்காக எழுதப்பட்டது. மீத்தரவோ கற்பாருக்கும் கணினிக்கும் ஒருசேர எழுதப்படுவது. கணினி ஓர் எழுத்து மாறினும் வேறு சொல்லாகவே கொள்ளும். எனினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஒரு பயன் உண்டு. ‘எல்லை’யும் ‘வழி’யும் பாயிரத்தில் தவிர்க்கவியலாத செய்திகள். டப்ளின் கோரில் அவற்றிற்கு நிகரான பரப்பெல்லையும் மூலமும் விரும்பினால் நிரப்பலாம் என்னும் நிலையில் உள்ளன. விருப்பத்திற்கு விடப்பட்ட கட்டங்கள் வெற்றிடமாக எஞ்சுதல் இயல்பு. சோத்கங்காவில் இடப்பரப்பைக் குறிக்கத் தனிக் கட்டம் இருந்தும், பல பதிவுகளில் அது வெறுமையாகவே காணப்படுகிறது. தங்கவயல் ஆய்வு முதலில் மறைவது இவ்வெற்றிடத்தில்தான்.

ஊர்ப்பெயர்ச் சிக்கல்

தங்கவயலுக்கு வழங்கும் பெயர்கள் பல. கோலார் தங்க வயல், கோலார் தங்கச் சுரங்கம், தங்கவயல், கே.ஜி.எஃப் என ஆய்வாளர் தத்தம் விருப்பப்படி எழுதுகின்றனர். அன்றியும் உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை என உட்பகுதிகளின் பெயரால் மட்டுமே குறிப்பிடுவாரும் உளர். கோலார் என்று மட்டும் எழுதினால் அது மாவட்டத் தலைநகரைக் குறிக்குமோ தங்கவயலைக் குறிக்குமோ என்னும் ஐயம் எழும். இரண்டும் வெவ்வேறு ஊர்கள். கே.ஜி.எஃப் என்று தேடினாலோ, 2018இலும் 2022இலும் வெளிவந்த அப்பெயருடைய கன்னடத் திரைப்படங்களே பெரும்பாலும் முன்வந்து நிற்கும்.

இவ்வளவில் நின்றிருந்தால் சிக்கல் சிறிதே. தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகள் பல, உரோமன் எழுத்தில், எவ்வகை நெறியுமின்றி ஒலிபெயர்க்கப்பட்டுப் பதிவாகின்றன. கலை, களை, கழை என்னும் மூன்று சொற்களும் அவ்வாறு எழுதும்போது ஒரே வடிவம் பெறும். ‘தங்க’ என்பதன் முதலெழுத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். ‘வயல்’ ஒருவர்க்குத் தனிச்சொல், மற்றொருவர்க்கு முன்சொல்லோடு ஒட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையும், 2001இல் வெளியான பன்னாட்டு நியமம் 15919உம் இக்குழப்பத்தைத் தீர்க்க வல்லன. ஆயினும் யுனிகோடு பரவிய பின்னர், தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே பதிவதற்குத் தடையேதும் இல்லை என்பதே முதன்மையானது. இலங்கைத் தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனக் கட்டங்களின் பெயரையும் அவற்றினுள் வரும் விவரத்தையும் தமிழிலேயே தருகிறது. தன்னார்வலர் நடத்தும் ஓர் அமைப்புக்கு இயன்றது பல்கலைக்கழகங்களுக்கு இயலாததாகாது.

இவ்விடத்தில் பழைய சான்று ஒன்றைச் சுட்டலாம். பி. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராபியா கர்நாட்டிகா வரிசையில் கோலார் மாவட்டத்திற்குரிய பத்தாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. கோலார்ப் பகுதியின் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் உள்ளன. ஒவ்வொரு கல்வெட்டிற்கும் வட்டப் பெயரின் சுருக்கமும் வரிசை எண்ணும் அதில் தரப்பட்டன. நூறாண்டு கடந்தும் அவ்வடையாளத்தைக் கொண்டே ஆய்வாளர் அக்கல்வெட்டுகளைச் சுட்டுகின்றனர். நிலையான ஓர் அடையாளமும் தெளிவான இடக்குறிப்பும் சேர்ந்தால் ஓர் ஆவணம் எவ்வளவு காலம் வழங்கும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

ஆட்பெயர்ச் சிக்கல்

தங்கவயல் தமிழரின் அறிவு வரலாற்றில் அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கத்திற்குத் தனியிடம் உண்டு. அவர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறியது. 1914இல் அவர் மறைந்த பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து அவ்விதழ் மீண்டும் வெளிவந்தது. தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டு அவர் சிந்தனை மறையாமற் காத்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பின்னரே பல்கலைக்கழக ஆய்வுலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

பண்டிதரின் பெயர் அயோத்திதாசர், அயோத்திதாசப் பண்டிதர், அயோத்திதாஸ் எனத் தமிழிலேயே பலவாறு எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்னும் எழுத்தில் தொடங்கும் வடிவமும் ‘ஏ’ என்னும் எழுத்தில் தொடங்கும் வடிவமும் வழங்குவதால், அகரவரிசையில் அவை ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கின்றன. அப்பாதுரையாரின் நிலை இன்னும் இடர்ப்பாடுடையது. ‘புத்தர் அருளறம்’ எழுதிய தங்கவயல் அப்பாதுரையார் வேறு. பன்மொழிப் புலவர் கா. அப்பாதுரை வேறு. தலைப்பெழுத்தை விடுத்துப் பதிந்தால் இருவரும் ஒருவராவர். மேலைநாட்டு மேற்கோள் தளங்களில் இப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு தேடுவார்க்கு, மானிடவியலறிஞர் அர்ஜுன் அப்பாதுரையே முன்வந்து நிற்பார். குடும்பப் பெயர், இயற்பெயர் என இரு கட்டங்களைக் கொண்ட படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ்ப் பெயர் மரபுக்கு ஒத்துவராமையே இக்குழப்பத்தின் வேர்.

நூலகவியலார் இதற்குத் தீர்வாகக் கொள்வது பெயர் அதிகாரக் கோப்பு. ஒருவர்க்கு ஒரு நியம வடிவமும், அவர் பெயரின் பிற வடிவங்கள் அனைத்தும் அதனோடு இணைக்கப்பட்ட பட்டியலும் அதில் அமையும். இன்று வாழும் ஆய்வாளர்க்கு 2012 முதல் வழங்கிவரும் ஆர்க்கிட் அடையாள எண் இப்பணியைச் செய்கிறது. மறைந்த தமிழறிஞர்க்கு இத்தகைய கோப்பை உருவாக்கும் தகுதி கணினித் துறையினும் தமிழ்த்துறைக்கே மிகுதி. இரு அப்பாதுரையாரையும் வேறுபடுத்திக் காட்ட மென்பொருளறிவு போதாது. இலக்கிய வரலாற்றறிவு வேண்டும்.

‘தமிழன்’ இதழின் பதிவிலும் இதே நிலைதான். சென்னை இதழும் தங்கவயல் இதழும் ஒரே இதழா, தொடர்ச்சியா, மறுபிறப்பா என்பது ஆய்வுக்குரிய வினா. டப்ளின் கோரின் ‘தொடர்பு’ என்னும் கூறு இத்தகைய உறவுகளைக் காட்டவே அமைந்தது. அதனை நிரப்பாது ‘தமிழன், சென்னை’ என்று மட்டும் பதிந்தால், தங்கவயல் உழைப்பாளரின் ஊக்கத்தால் வெளிவந்த இதழ்கள் சென்னையின் கணக்கில் சேர்ந்துவிடும். அவ்வாறே, ஆய்வாளர் மூல இதழைப் பார்த்தாரா, 1999ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பார்த்தாரா என்பதையும் ‘மூலம்’ என்னும் கூறு தெரிவித்தல் வேண்டும். பாயிரம் கூறும் ‘வழி’யும் முந்துநூல் உறவைச் சுட்டுவதே அன்றோ?

எல்லைக்கோட்டிற் சிக்கிய ஆய்வு

சோத்கங்காவின் அடுக்குமுறை பல்கலைக்கழகம், துறை, ஆய்வேடு என்னும் ஒழுங்கில் அமைந்தது. நிருவாகத்திற்கு இது ஏற்றது. ஆனால் தங்கவயல் தமிழரைப் பற்றிய ஆய்வு சென்னையில் தமிழ்த்துறையிலும், பெங்களூரில் வரலாற்றுத் துறையிலும், வேறிடத்தில் சமூகவியல் துறையிலும் நிகழக்கூடியது. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்ச் சுரங்க, ஆலைத் தொழிலாளர் பற்றிய நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தங்கவயல் ஆய்வில் தவிர்க்கவியலாதது. இத்தகைய ஆய்வின் மொழிக் கட்டத்தில் ‘ஆங்கிலம்’ என்றே பதிவாகும். ஆய்வு எழுதப்பட்ட மொழி வேறு. ஆராயப்பட்ட மக்களின் மொழி வேறு என்னும் வேறுபாட்டை அக்கட்டம் காட்டாது. எனவே ‘தமிழ்’ என்று வடிகட்டித் தேடுபவர்க்கு அது அகப்படாது.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களுக்குப் பதிவுப் பட்டியல்கள் வெளிவந்தன. தமிழ்நூல் வரலாறு எழுதுவார்க்கு அவை பெருந்துணை. தங்கவயலோ மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. அங்கு அச்சான தமிழ் நூல்களைச் சென்னை மாகாணப் பட்டியலில் எதிர்பார்த்தல் இயலாது. அரசெல்லையை அறிவெல்லையாகக் கொண்ட அப்பட்டியலின் குறையை, பல்கலைக்கழக எல்லையை அறிவெல்லையாகக் கொள்ளும் இன்றைய அடுக்குமுறையும் மீண்டும் செய்கிறது.

சீர்காழியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இச்சிக்கலுக்கு வழி காட்டியது. ஒரு பொருளை ஒரே கிளையில் அடைக்காமல், ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்துக் காட்டுவது அவர் முறை. 1962இல் அவர் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தையும் நிறுவினார். தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பெருநகரிலேயே வளர்ந்த இச்சிந்தனை, தங்கவயல் ஆய்வுகளின் பதிவில் பயன்படாமை வருந்தத்தக்கது.

ஓர் ஒப்பீடு இங்குத் தேவையாகிறது. தங்கவயல் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலார் நிகழ்த்திய ஆய்வில், வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டு 1965இல் அறிவிக்கப்பட்டன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் பெயர் தாங்கிய அக்கட்டுரையை, இதழ், தொகுதி, பக்கம் ஆகிய அடையாளங்களுடன் எந்நாட்டவரும் நொடியிற் கண்டடையலாம். அச்சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய தொழிலாளரின் மொழியையும் இதழ்களையும் பற்றிய ஆய்வினை அவ்வாறு கண்டடைய இயலாது. இயற்பியலின் உயர்வோ தமிழாய்வின் தாழ்வோ இதற்குக் காரணமன்று. அறிவியல் இதழ்கள் விவரப் பதிவை ஆய்வின் ஒரு பகுதியாகக் கருதின. நாம் அதனை எழுத்தர் பணியாகக் கருதினோம்.

பொருட்பெயரும் அதன் அரசியலும்

மீத்தரவின் கூறுகளுள் மிகுந்த எச்சரிக்கையுடன் நிரப்ப வேண்டியது ‘பொருள்’ என்னும் கட்டம். ஒரு மக்கட் குழுவை எப்பெயராற் குறிப்பது என்னும் வினா அங்கே எழுகிறது. அரசுப் பதிவேட்டில் தம் மக்கள் எப்பெயரால் குறிக்கப்பெற வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் அயோத்திதாசர். பூர்வத் தமிழர் என்றும், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் அவர் வலியுறுத்திய பெயர்கள் வெறும் அடைமொழிகள் அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கட்டங்களோடு அவர் நடத்திய போராட்டத்தின் விளைவுகள். அவரைப் பற்றிய ஆய்வேட்டின் பொருட்கட்டத்தில், அவர் மறுத்த சாதிப்பெயரையே குறிச்சொல்லாக இடுதல் அவ்வாய்வின் முடிவுக்கே முரணானது.

‘தலித்’ என்னும் இன்றைய பொதுச்சொல்லைத் தவிர்த்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. அச்சொல்லால் தேடுவோர் பலர். அதனை நீக்கினால் ஆய்வு அவர்களை எட்டாது. தேடற்குரிய பொதுச்சொல் ஒரு கட்டத்திலும், அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் விவரணையிலும் இடம்பெறுதல் வேண்டும். இரண்டும் வேறென்பதை விவரணை தெளிவுபடுத்தலும் வேண்டும். எச்சொல் எவரால் எக்காலத்தில் வழங்கப்பட்டது என்று அறிந்தவரே இதனைச் செய்ய இயலும்.

எதிர்வாதங்கள்

முழுப்பாடத் தேடல் வந்துவிட்ட பின்னர் மீத்தரவு எதற்கு எனச் சிலர் வினவுவர். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல படிமங்களாகவே வருடப்பட்டுள்ளன. கணினியில் தட்டெழுதப்பட்டனவும் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் அமைந்திருப்பின், தேடுபொறிக்கு அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பாடம் தூய யுனிகோடில் அமைந்தபோதும், சாம்பியன் ரீஃப் என்று மட்டும் எழுதிய ஆய்வைத் தங்கவயல் என்று தேடுவார்க்குக் காட்டவல்லது இடப்பரப்புக் குறிப்பே.

இது நூலகரின் கடமை, தமிழ்த்துறையின் கடமையன்று என்பது மற்றொரு வாதம். தலைப்பையும் குறிச்சொற்களையும் சுருக்கத்தையும் தருபவர் ஆய்வாளரே. ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’, ‘சமுதாயச் சிந்தனைகள்’ என முடியும் நம் தலைப்புகள் இடத்தையும் காலத்தையும் மூலத்தையும் உணர்த்துவதில்லை. அத்தகைய தலைப்பிலிருந்து செம்மையான பதிவை எந்நூலகராலும் உருவாக்க இயலாது. குறை களஞ்சியத்தில் மட்டுமன்று, நம் எழுத்து வழக்கிலும் உள்ளது என்பதை ஏற்றல் வேண்டும். இக்கட்டுரையின் தலைப்பும் ‘ஒரு மதிப்பீடு’ என முடிவதை எண்ணி, இக்குற்றச்சாட்டில் கட்டுரையாளரும் தம்மைச் சேர்த்துக்கொள்கிறார்.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. ஆய்வேட்டின் தலைப்பு தமிழ் எழுத்தில், யுனிகோடில் பதிவாதல் வேண்டும். ஒலிபெயர்ப்பு அதற்குத் துணையாக, ஒரே நியமத்தின்படி அமைதல் வேண்டும்.

2. இடப்பரப்பு, மூலம் ஆகிய கட்டங்கள் தமிழாய்வேடுகளுக்குக் கட்டாயமாதல் வேண்டும்.

3. ஊர்ப்பெயர்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் மாற்று வடிவங்களுடன் கூடிய அதிகாரக் கோப்பினைத் தமிழ்த்துறைகள் கூட்டாக உருவாக்குதல் வேண்டும். தங்கவயல் போன்ற, தமிழ்நாட்டிற்கு வெளியேயுள்ள தமிழ்ப் பகுதிகளிலிருந்து இதனைத் தொடங்குதல் நன்று.

4. எழுதப்பட்ட மொழியும் ஆராயப்பட்ட மொழியும் தனித்தனியே குறிக்கப்பெறுதல் வேண்டும்.

5. மக்கட் குழுக்களைக் குறிக்கும் பொருட்சொற்களை ஆய்வாளரும் நெறியாளரும் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் ஒரு மணிநேரத்தை விவரப் பதிவுக்கென நெறியாளரும் மாணவரும் ஒதுக்கினாலே பெரும்பகுதி நிறைவேறும். சித்தார்த்தா புத்தகசாலையின் நூல்களைப் பேணிவைத்த குடும்பங்கள் இன்று பல ஊர்களிற் பிரிந்து வாழ்கின்றன. அவர்தம் பெயர்மக்களுள் ஒருவர் தம் ஊரைப் பற்றி எவரேனும் ஆராய்ந்துள்ளனரா என்று தமிழில் தேடும்போது, விடை கிடைக்கச் செய்தல் தமிழ்த்துறையின் பொறுப்பேயாகும்.